பொட்டலம் கட்டத் தெரிந்தால் போதுமா?



சென்ற மாதக் கூட்டத்தில் வழக்கமான விஷயங்கள் பேசி முடிந்த பிறகு, சிறப்புப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு நாள் மதிய உணவு வழங்குவது என்று ஒரு தீர்மானம் வந்தது. எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். ஒரு சிப்பம் அரிசி என் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஒன்று உறுத்தியது. பிறந்த நாள், திவசம், கல்யாண நாள் என்று ஆண்டு முழுதும் நம்மில் யாராவது ஒருவர் அந்தப் பள்ளிகளுக்குச் சாப்பாடு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகு எங்கே போகிறது என்று நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? கூட்டத்திலேயே எழுந்து கேட்டிருக்க வேண்டும். கூச்சத்தில் கேட்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தெளிவு தேவை. நாம் பல காலமாக ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று சொல்லிவந்தவர்களை இப்போது ‘அறிவுசார் குறைபாடு உடையவர்’ என்கிறார்கள். இது மனநோய் அல்ல. மனநோய் நடுவில் வரும், மருந்தால் தணியும். இது பிறவியிலோ சிறு வயதிலோ வருவது. மருந்து மாத்திரையால் போவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டு, அதில் இதற்குத் தரும் விளக்கத்தில் இரண்டு பாதிகள் உள்ளன. யோசிப்பது, கற்பது, சிக்கலை அவிழ்ப்பது ஆகியவற்றில் குறைவு என்பது முதல் பாதி. அன்றாட வாழ்வில் பிறரோடு பழகுவதிலும் காரியங்களைச் செய்துகொள்வதிலும் குறைவு என்பது இரண்டாம் பாதி. நாம் முதல் பாதியை மட்டும் பார்த்து, ‘இவனுக்குக் கணக்கு வராது, கடைக்கு ஆகமாட்டான்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். நாலு வருட அனுபவத்தில் சொல்கிறேன், கடையில் இடிப்பது கணக்கு அல்ல, இரண்டாம் பாதிதான். அதுதான் சொல்லிக்கொடுத்தால் வரக்கூடியதும்.

என் கடை ரமண நகரில், செங்கம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது. மளிகையோடு ஊதுவத்தி, சூடம், தண்ணீர் பாட்டில் எல்லாம் உண்டு. குளிர்காலத்தில் ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டார், மாதந்தோறும் பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம், மற்ற நாட்களில் தெருவாசிகளும் சாதுக்களும் ஆட்டோ ஸ்டாண்டு பிள்ளைகளும். நம் பகுதிக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான்.

நாலு வருடத்துக்கு முன் ஓர் அம்மாள் வந்தார். விடுதி ஒன்றில் அறை துப்புரவு செய்பவர். என் கடையில் நோட்டு வைத்து வாங்குபவர். அவருடைய மகனுக்கு அப்போது 19 வயது. பையன் 18 வரை சிறப்புப் பள்ளியில் இருந்தான், பிறகு ஒரு வருடமாக வீடு. “சம்பளமே வேணாம்ணா. காலையிலே ரெண்டு மணி நேரம் கடையிலே உக்கார வெச்சுக்குங்க. வீட்டிலேயே கெடந்து பேசறதையே மறந்துகிட்டு வர்றான்” என்றார். நான் பெரிய தரும சிந்தனையில் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வாரம் பௌர்ணமி; கடைப் பையன் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் திருப்பூருக்குப் போயிருந்தான். கை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

வேலை அவனுக்கு வேகமாகவே வந்தது என்றால் நம்பமாட்டீர்கள். காகிதப் பை மடிப்பது அவனுக்குப் பள்ளியிலேயே பழக்கம். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து நமக்கு அது தினப்படித் தேவை. மின்னணுத் தராசில் 500 என்று வந்ததும் நிறுத்தவேண்டும் என்பதை மூன்று நாளில் பிடித்துக்கொண்டான். பருப்பு, சர்க்கரை, ரவை என்று அரை கிலோ பொட்டலங்கள் மளமளவென்று சேர்ந்தன. ‘பரவாயில்லையே, இதற்கா பயந்தோம்’ என்று நினைத்தேன்.

பயப்படவேண்டியது பொட்டலத்துக்கு வெளியே இருந்தது. வருகிறவர் எல்லோரையும் உரத்த குரலில் வரவேற்பான். பிடித்துப்போனால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டான். ஒரு வெளிநாட்டு அம்மையாரைக் கட்டிப்பிடித்துவிட்டான். அவர் சிரித்துக்கொண்டார், எனக்கு வேர்த்துவிட்டது. ஒரு வாடிக்கையாளரைப் பார்த்து, “ஏன் இவ்ளோ குண்டா இருக்கீங்க?” என்று அக்கறையோடு விசாரித்தான். மற்றொருவர் எண்ணெய் விலை கேட்டதற்கு, அடுத்த கடையில் இரண்டு ரூபாய் குறைவு என்று தகவல் கொடுத்தான். அது உண்மைதான் என்பது வேறு விஷயம்.

இதெல்லாம் ‘புத்தி இல்லாததால்’ என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். யோசித்துப் பாருங்கள். நாமெல்லாம் பத்து வயதில் அப்பாவின் கடையில் நின்று, யாரிடம் எப்படிப் பேசுவது, எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று முறைப்பு வாங்கியே கற்றுக்கொண்டவர்கள். இந்தப் பையனை அந்த வயதில் யாரும் எந்தக் கடைக்கும் அனுப்பியதில்லை. ‘பாவம், அவனுக்கு என்ன தெரியும்’ என்று வீட்டில் வைத்துவிட்டார்கள். பத்து வருடப் பாடம் பாக்கி.

அவன் படித்த பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, தாயார் கேட்டுக்கொண்டதன் பேரில் கடைக்கு வந்தார். பையனுக்கு ஏதோ பாடம் நடத்தப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் என்னைத்தான் கவனித்தார். பிறகு சொன்னார்: “நீங்க ஒரே மூச்சிலே மூணு வேலை சொல்றீங்க. அதுவும் கல்லாவைப் பாத்துகிட்டே சொல்றீங்க. அவன் மொதல் வேலையைப் புடிக்கறதுக்குள்ளே மூணாவது வந்துடுது.” மேலும், கோபம் வந்தால் நான் குத்தலாகப் பேசுகிறேனாம். ஒரு நாள் மிளகாய்த்தூளைக் கொட்டிவிட்டான். “ரொம்ப நல்லா செஞ்சே போ!” என்றேன். அவன் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு, ‘போ’ என்று சொல்லிவிட்டார் முதலாளி என்று வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான். இதில் யாருக்குப் பேசத் தெரியவில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

அந்த அம்மையார் சொல்லித்தான் ஒரு பழைய சங்கதி தெரிந்தது. அமெரிக்காவில் 1970-களில் மார்க் கோல்டு என்றொருவர் இருந்தார். கடுமையான அறிவுசார் குறைபாடு உடையவர்கள், எதற்கும் ஆகமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள், அவர்களுக்கு 15 உதிரி பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்தார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்துக்கொண்டார். வாயால் விளக்காமல் கையால் செய்து காட்டினார். தப்பாக வைத்தால் ‘வேறு விதமாக முயன்று பார்’ என்பார், அவ்வளவுதான். அவருடைய முறைக்கே அந்தப் பெயர்தான் நிலைத்தது. கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்றுக்கொடுத்த விதத்தை மாற்று என்பது அவர் கட்சி. பிறகு 1980-களில் அந்த நாட்டிலேயே இன்னொரு மாற்றம் வந்தது. அதுவரை தனிப் பயிற்சிக்கூடத்தில் வருடக்கணக்கில் பழக்கி, ‘தயாரான’ பிறகு வேலைக்கு அனுப்புவது என்று இருந்தார்கள். தயாராகும் நாள் வரவே இல்லை. ஆகவே தலைகீழாக, முதலில் வேலையில் சேர்த்துவிட்டு, கற்றுக்கொடுப்பவரை அந்த வேலை இடத்துக்கே அனுப்பினார்கள். 1986-இல் அது சட்டத் திருத்தத்திலும் இடம்பெற்றது.

நமக்கு இது புதிதா என்ன? எந்த மளிகைக் கடைக்காரன் பயிற்சிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தான்? கடையில் நின்றுதான் கடை பழகினோம். மெழுகுவத்தி ஊற்றுவதையும் காகிதப் பை மடிப்பதையும் பள்ளி கற்றுக்கொடுத்துவிடும். வாடிக்கையாளர் அவசரத்தில் சுள்ளென்று விழும்போது எப்படி நிற்பது என்பதைப் பள்ளி கற்றுக்கொடுக்க முடியாது. அங்கே வாடிக்கையாளர் ஏது?

‘ஆமாம்’ என்ற ஆபத்து

இவற்றிலெல்லாம் என்னை அதிகம் படுத்தியது ஒரு சொல். “கடலைப் பருப்பு எடுத்தா, புரிஞ்சுதா?” என்றால் “ஆமாம்ணே” என்பான். துவரம்பருப்போடு வருவான். “சாவியைப் பார்த்தியா?” “ஆமாம்ணே.” பார்த்திருக்கவே மாட்டான். பொய் சொல்கிறான் என்றே முதலில் எண்ணினேன். பொய் அல்ல. ‘புரியவில்லை’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் சிறு வயதிலிருந்து திட்டு வாங்கியிருக்கிறான். ‘ஆமாம்’ என்றால் எதிரே இருப்பவர் முகம் மலர்கிறது, பேச்சு முடிகிறது. அது அவன் கண்டுபிடித்த பாதுகாப்பு.

ஆகவே ‘புரிஞ்சுதா’ என்ற சொல்லையே கடையில் விட்டுவிட்டோம். “என்ன எடுக்கப் போறே, சொல்லு” என்று கேட்கிறோம். சொன்னால் புரிந்தது, விழித்தால் மறுபடி காட்டவேண்டும். கூடவே, “புரியலைண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று சொல்லப் பழக்கினோம். அவன் அப்படிச் சொன்னபோதெல்லாம் நான் முகம் சுளிக்காமல் இருக்கவேண்டும், அதுதான் ஒப்பந்தம். இந்த ஒரு வாக்கியம் அவன் வாயில் இயல்பாக வருவதற்கு ஐந்து மாதம் பிடித்தது. அதில் மூன்று மாதம் என் முகம் பழகுவதற்கு ஆனது என்று ஆசிரியை சொல்வார்.

மற்ற விஷயங்களும் இப்படித்தான். ‘மரியாதையாக நடந்துகொள்’ என்று சொன்னால் யாருக்குமே எதுவும் விளங்காது. “கவுண்டருக்கு இந்தப் பக்கமே நில்லு. கையைக் கும்பிட்டு ‘வாங்க’ன்னு சொல்லு. தொடக்கூடாது” என்றால் விளங்குகிறது. விலை கேட்டால், உடம்பைப் பற்றியோ அடுத்த கடையைப் பற்றியோ எதுவும் சொல்லாமல், “அண்ணனைக் கேளுங்க” என்று என் பக்கம் கை காட்டவேண்டும். வெளிநாட்டார் அன்பாகப் பணம் கொடுத்தால் வாங்காமல் தலையசைக்கவேண்டும். இந்தக் கடைசிப் பாடம் மிகவும் சிரமப்பட்டது. அவன் பக்கம் நியாயமும் இருந்தது, கொடுப்பவர் ஆசையோடு கொடுக்கிறாரே! இவை ஒவ்வொன்றையும் கடை திறக்குமுன் கால் மணி நேரம் நாடகம் போல நடித்துப் பார்ப்போம். நான் வாடிக்கையாளர், அவன் கடைக்காரன், பிறகு மாற்றிக்கொள்வோம். அவன் என்னைப் போல நடிக்கும்போது கடைப் பையன்கள் சிரிக்கிற சிரிப்பில், நான் எப்படிப்பட்ட முதலாளி என்று தெரிந்துகொண்டேன்.

இந்தக் காலத்துக் கருவிகள் உதவுகின்றன என்பதையும் சொல்லவேண்டும். சில்லறை எண்ணுவது அவனுக்கு வராது. இப்போது பாதி வியாபாரம் கியூஆர் அட்டையில் நடக்கிறது. பணம் வந்ததும் பெட்டி தொகையைச் சொல்கிறது. “பெட்டி பேசினாத்தான் பணம் வந்துச்சு” என்று ஒரே விதி. யாராவது போனைத் தூக்கிக் காட்டி ‘போட்டாச்சு’ என்றால் அசையமாட்டான். பெட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். இந்த விஷயத்தில் என் மற்றப் பையன்களைவிட அவன் கறார்.

ஆனாலும் பெரிய அடி ஒன்று விழுந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

சேர்ந்து ஏழு மாதம் இருக்கும். நான் மதியம் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, தெருக்கோடியில் சுற்றும் ஓர் இளைஞன் வந்து, “அண்ணன் குடுக்கச் சொன்னாரு” என்று தேங்காய் எண்ணெய் பாட்டிலும் சோப்பும் வாங்கிப் போயிருக்கிறான். மூன்று நாள். அவனைத் தோளில் கைபோட்டு ‘நண்பா’ என்று கூப்பிட்டிருக்கிறான். அதற்கு முன் இவனை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சரக்கு குறைந்தது தெரிந்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. நாலு வாடிக்கையாளர் எதிரில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் வரவில்லை. ஒரு வாரம் வரவில்லை.

போன சரக்கின் மதிப்பு அறுநூறு ரூபாய்க்கு உள்ளேதான். எட்டாம் நாள் வீட்டுக்குப் போனேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தாயார் என்னைத் திட்டவில்லை. “அண்ணன் திட்டினது பெரிசில்லைண்ணா. ‘நண்பன்’ ஏமாத்திட்டான்னு சொன்னா நம்ப மாட்டேங்கறான்” என்றார். என் பையனாக இருந்தால் பத்து தடவை ஏமாந்து பதினோராவது தடவை தேறியிருப்பான். இவனுக்கு முதல் தடவையிலேயே கதவைச் சாத்திவிடப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு அவன் கற்றுக்கொண்டதுதான் எல்லாவற்றிலும் பெரியது: “அண்ணனைக் கேட்டுட்டுத் தர்றேன்.” யார் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், என் வீட்டார் கேட்டாலும் இதே பதில். என் மைத்துனரே ஒரு தடவை கோபித்துக்கொண்டு போனார். போகட்டும். ‘இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாத ஒரு பிள்ளைக்கு இந்த வாக்கியம் ஒரு பூட்டு மாதிரி. கடைக்கு மட்டும் அல்ல. வெளியே அவனை எங்கேயாவது யாராவது அழைத்தாலும், எதிலாவது கைநாட்டு வைக்கச் சொன்னாலும் இதையே சொல்கிறான் என்று தாயார் சொல்கிறார்.

மற்றவர்களும் பழகவேண்டும்

வாடிக்கையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் அவனை ‘லூசு’ என்றே கூப்பிட்டார்கள், விளையாட்டாகத்தான். முதலில் நான் கேட்காதது போல் இருந்தேன், வியாபாரம் போய்விடுமோ என்ற பயம். பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதித்தால் 2016 சட்டப்படி ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை உண்டு. சட்டத்தைக் காட்டி வாடிக்கையாளரிடம் பேச முடியுமா? முடியாது. நான் செய்தது, அவனை எல்லோர் எதிரிலும் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். “பெயர் இருக்குல்ல, பெயரைச் சொல்லிக் கேளுங்க, எடுத்துத் தருவான்” என்பேன். தெருக்கடையின் பலம் இதில் இருக்கிறது. தினம் தினம் அதே முகங்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள். ஒரே ஒருவர் கடை மாறிப் போனார்.

கூட வேலை செய்யும் பையன்கள் விஷயம் கொஞ்சம் கடினம். தங்கள் வேலையை அவன் தலையில் கட்டுவார்கள். அவன் ‘ஆமாம்’ என்பான். இதை முதலாளி கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும், வேறு வழி இல்லை.

பௌர்ணமி அன்று அவனை முன்னால் நிறுத்துவதில்லை. அந்த இரைச்சலும் நெரிசலும் அவனுக்கு ஆகாது. காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். உள்ளறையில் ஒரு ஸ்டூல் போட்டுப் பொட்டலம் மட்டும். (கடை ஊழியருக்கு இருக்கை வேண்டும் என்று 2021-இலேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தாயிற்று என்பதை உறுப்பினர்களுக்கு நினைவூட்டுகிறேன்.) தீபத்தன்று விடுமுறை. எல்லோரும் கவுண்டருக்கு வந்தே தீரவேண்டும் என்பதில்லை.

கூலி விஷயத்தில் என் தப்பு ஒன்று. முதல் ஆறு மாதம் டிபனும் நாளுக்கு 50 ரூபாயும் கொடுத்தேன். தாயார் சம்பளமே வேண்டாம் என்றாரே, நான் கொடுப்பதே அதிகம் என்ற நினைப்பு. ஆசிரியை ஒரு நாள், “பொட்டலம் கட்டற மத்தப் பையனுக்கு என்ன குடுக்கறீங்க?” என்று மட்டும் கேட்டார். இரவு கணக்கு எழுதும்போது கை ஓடவில்லை. இப்போது மணிக்கணக்கில் அதே விகிதம். அவன் ஐந்து மணி நேரம், மற்றவர்கள் பத்து. வங்கியில் அவன் பெயரிலேயே கணக்கு. தன் பண விவகாரத்தைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையைச் சட்டம் அவனுக்கும் சமமாகவே கொடுத்திருக்கிறது. போன பொங்கலுக்கு முன் வந்து, “அண்ணே, சம்பளம் ஏத்துங்க” என்றான். மற்றவர்கள் கேட்டதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஏற்றினேன். வேலையிடத்துப் பேச்சு என்றால் அதுவும்தான்.

இப்படிப்பட்டவர்கள் குழந்தை மாதிரி, பொய் தெரியாது, விசுவாசமாக இருப்பார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. இவனும் மழை நாளில் வயிற்றுவலி என்பான். வெல்லத்தில் கை வைப்பான். எல்லாப் பையன்களையும் போலத்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வேறு ஒரு பையனையும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டு மாதம் முயன்றோம். ஆசிரியை வந்து பார்த்தும், நான் பேசும் விதத்தை மாற்றியும் பிடிபடவில்லை. கடைக்கு வருவதென்றாலே அழுதான். நிறுத்திவிட்டோம். அவனுக்கு ஏற்றது கடை இல்லை. ஒருவேளை தோட்டமாக இருக்கலாம், மாட்டுக் கொட்டிலாக இருக்கலாம்.

பெரிய இடங்களில் பெரிய அளவில் நடக்கிறது. லெமன் ட்ரீ ஓட்டல்காரர்கள் காது கேளாதவர்களை மட்டுமன்றி டவுன் நோய்க்குறி உள்ள இளைஞர்களையும் வேலையில் வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் ஹூப்ளியில் 2017-இல் அலினா ஆலம் என்ற இளம்பெண் தொடங்கிய மிட்டி கஃபே பல ஊர்களுக்குப் பரவி, 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒன்று திறக்கப்பட்டது. தேநீர் கொண்டுவந்து வைப்பவர்கள் இப்படிப்பட்ட இளைஞர்களே. மகிழ்ச்சி. ஆனால் அங்கே வருகிறவர் தெரிந்தே, மனதைத் தயார் செய்துகொண்டே வருகிறார். நம் கடைக்கு வருகிறவர் கால் கிலோ புளிக்கு வருகிறார். அங்கே பழகியதுதான் ஊரில் நிலைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு: அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் உண்டு. அதில் ஒரே ஒரு சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைவரும் பங்கு போட்டுக்கொள்ளவேண்டும். தேர்வு எழுதி வரவேண்டிய வேலைகளில் நம் பையன் எங்கே போவான்? 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தக் குறைபாடு உடையவர்கள் என்று பதிவானவர்களே நாட்டில் சுமார் 15 லட்சம் பேர். தனியார் நிறுவனங்களில் 5 சதவீதமாவது வேலைக்கு எடுக்க ஊக்கம் தரவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நாலு பேர் வேலை செய்யும் கடையில் 5 சதவீதம் என்றால் ஐந்தில் ஒரு ஆள்! இப்படிப்பட்டவர்களை வேலைக்கு வைத்தால் வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகியவற்றில் முதலாளியின் பங்கை மூன்று வருடம் தானே கட்டுவதாக மத்திய அரசு 2008-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்தப் பதிவுகளே இல்லாத சிறு கடைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. நம்மைப் போன்றவர்களை மனதில் வைத்து யாரும் திட்டம் போடவில்லை. ஆகவே நாமே போட்டுக்கொள்ளவேண்டியதுதான்.

நட்டம் வரும் என்பார்கள். வரும். எனக்கு முதல் வருடம் கொட்டியது, சிந்தியது, ஏமாந்தது எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய் இருக்கலாம். அதே நாலு வருடத்தில் மற்ற இடத்துக்கு ஆறு பையன்கள் வந்து போய்விட்டார்கள்; ஒவ்வொருவரையும் புதிதாகப் பழக்கிய செலவை நாம் நோட்டில் எழுதுவதில்லை. ‘ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?’ என்பார்கள். ஏணியில் ஏற்றாதீர்கள், அடுப்பங்கரையில் விடாதீர்கள், தனியாகக் கடையை ஒப்படைக்காதீர்கள். எந்தப் புதுப் பையனுக்கும் இதுதானே.

தாயாருக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. ‘எனக்கு அப்புறம் இவன்?’ என்பது அவருடைய ஒரே கேள்வி. இந்தக் கேள்வியைப் பல பெற்றோர் தில்லி வரை கொண்டுபோனதன் பலனாகத்தான் 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பெற்றோர் இல்லாத நிலையில் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட ஆட்சியரைக் கொண்ட குழு அதன்படி அமைந்தது. பாதுகாவலரை நியமிக்கலாம். தெருவில் நாலு பேருக்குப் பெயர் தெரிந்தவனாக, நாலு பேரிடம் பேசத் தெரிந்தவனாக அவனை எந்தக் குழுவும் நியமிக்க முடியாது.

சங்கத்துக்கு என் கோரிக்கை இது. மதிய உணவு நடக்கட்டும், என் அரிசியும் வரும். அதோடு, கார்த்திகைக் கூட்டம் வருவதற்கு முன், நம் பகுதிக் கடைகள் சிலவற்றில் ஆளுக்கு ஒரு பிள்ளையை, காலையில் இரண்டு மணி நேரம், மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் பார்ப்போம். செங்கம் சாலையில் பழக்கடை, ஊதுவத்திக் கடை, பேக்கரி எதுவானாலும் சரி. பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பெண்கள் நடத்தும் கடையாக இருந்தால் பெற்றோர் தைரியமாக அனுப்புவார்கள். ஆசிரியை வாரம் ஒரு நாள் கடைகளைச் சுற்றி வரச் சம்மதித்திருக்கிறார். அவருக்கு ஆட்டோ செலவும் ஒரு சிறு தொகையும் சங்கம் தரவேண்டும். மே 5 வணிகர் தினத்துக்கு நாம் வைக்கும் பேனர்களில் இரண்டைக் குறைத்தால் போதும்.

ஐந்து பேரின் பெற்றோர் என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் என் கடைக்கு. ஊதுவத்திக் கடைக்காரர் ஒருவரும், என்னைவிட இரண்டு ரூபாய் குறைவாக எண்ணெய் விற்கும் பக்கத்துக் கடைக்காரரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு கடைகள் வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு ஆசிரியையை அழைத்து வருகிறேன். கேட்கவேண்டியதை அவரிடமே கேளுங்கள்.